ராவைக்கு அரைப் போத்தலுக்கு அசையாதவன், பகல்ல ஒரு பியருக்கு ஏன் விழுறான்?

போன வருசம் ஆடி மாசம் மட்டக்களப்பில உன்னிச்சைக் குளத்தடிக்குப் போனம். ஆறு பேர், மூண்டு பைக். வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவு, ஆயித்தியமலை எண்டு போற ரோட்டு, காலம பத்து மணிக்கே தார் கொதிக்குது, கச்சான் காத்து (மலைநாட்டுப் பக்கமிருந்து வாற காஞ்ச சூட்டுக் காத்து) மூஞ்சில அடிக்கிறது அடுப்புக்கு முன்னால குந்தியிருந்த மாதிரி. போய் மருத மரத்துக்குக் கீழ பாய விரிச்சு ஐஸ் பெட்டியத் திறந்ததுதான் தாமதம், எங்கட மச்சான் ஒருவன் (பேர் வேணாம், வாசிச்சா என்னத்தான் திட்டுவான்) ஸ்ட்ரோங் பியர் பெரிய போத்தல் ஒண்ட தண்ணி மாதிரி இழுத்து முடிச்சிட்டான். தாகம் அப்பிடி. ரெண்டாவது போத்தல் பாதியில, சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு இருந்தவன், ஒண்டுக்குப் போயிட்டு வாறன் எண்டு எழும்பி இருபது அடி தள்ளிப் போய் இன்னொரு மரத்தடியில நிண்டான். நிண்டவன் அப்பிடியே சரிஞ்சான்.

ஓடிப் போய்ப் பாத்தா முகம் சாம்பல் நிறம், உதடு வெளுத்து, நெத்தியில வேர்வை முத்து முத்தா நிக்குது ஆனா தொட்டா குளிருது. கண்ணத் திறந்து ரெண்டு தரம் சத்தி எடுத்தான். அதுக்குள்ள ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடிச்சாச்சு. ஒருவன், சரக்கு பிழை, ஆரோ கலந்திருக்கான் எண்டான். பெரியண்ணன் முறையான ஒருத்தர், "உச்சி நேரம், குளத்தடி, மருத மரம், நான் அப்பவே சொன்னன் கற்பூரம் ஒண்டு கொளுத்திட்டு இருப்பம் எண்டு" எண்டு தொடங்கிட்டார். கடைசியா ஒரு குரல், "வெறி மனே, ஒண்டுமில்ல, படுக்க விடு, தெளிஞ்சாப் பொறகு எழும்புவான்" எண்டிச்சு. எனக்கு பேயும் கலப்படமும் பெரிசாப் படல்ல, இந்தக் கடைசிக் கதைதான் பயத்தக் குடுத்திச்சு. ஏன் எண்டு பிறகு சொல்றன்.

நான் டொக்டர் இல்ல. பத்து வருசத்துக்கு மேல ஒரு பாமசியில நிக்கிறன், அவ்வளவுதான். ஆனா "வெயிலுக்க குடிச்சன், திடீரெண்டு ஏலாமப் போச்சு, என்ன மருந்து?" எண்டு வாற ஆக்கள ஏப்ரல்ல இருந்து செப்டெம்பர் வரைக்கும் பாத்துக்கொண்டே இருக்கன். எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்விதான், நான் ராவையில இதவிட எவ்வளவு குடிச்சிருக்கன், அப்ப ஒண்டும் ஆகல்லயே? எங்கட மச்சானும் அப்பிடித்தான், கலியாண வீடு எண்டா அரைப் போத்தல் சாராயத்த முடிச்சிட்டுப் பந்தியில நிண்டு சோறும் பரிமாறுவான். (அது நல்ல விசயம் எண்டு சொல்ல வரல்ல.) அப்ப ஒண்டரைப் பியருக்கு ஏன் விழுந்தான்?

வீட்டுல மேல்மாடியில ஒரு பைப் இருக்கெண்டு வைங்க. கீழ குசினிப் பைப்பையும் திறந்து, கிணத்தடிப் பைப்பையும் திறந்து, தோட்டத்துக்கும் திறந்து விட்டா மேல்மாடியில சொட்டுச் சொட்டாத்தான் வரும். மூளைதான் அந்த மேல்மாடிப் பைப். உடம்புல ஓடுறது மொத்தமே ஏகதேசம் 5 லீட்டர் ரத்தம், அத வச்சுத்தான் எல்லாத்தையும் சமாளிக்கணும். சும்மா இருக்கக்குள்ள தோலுக்கு நிமிசத்துக்கு அரை லீட்டர் ரத்தம் போனாலே கூட. உடம்பு நல்லாச் சூடேறினா சூட்ட வெளிய தள்ளுறதுக்காக தோலுக்கு 7, 8 லீட்டர் வரைக்கும் போகலாம், அதே ரத்தம்தான் திரும்பத் திரும்ப சுத்துது, இதயம் அதுக்கேத்த மாதிரி ஓடி ஓடி அடிக்கணும். இது முதல் பைப்.

மதுவும் தோலுக்க போற ரத்தக்குழாயள விரிக்கும், குடிச்ச உடன முகம் சிவந்து காது சூடாகிறது அதாலதான். அது ரெண்டாவது. முக்கால் மணித்தியாலம் பாயில குந்தியிருந்துட்டுச் சடாரெண்டு எழும்பினா அரை லீட்டருக்கு மேல ரத்தம் கால் பக்கமும் வயித்துப் பக்கமும் இறங்கும், அது மூண்டாவது. சாதாரணமா எழும்பக்குள்ள கால்ல இருக்கிற ரத்தக்குழாய் எல்லாம் சுருங்கி ரத்தத்த மேல தள்ளிவிடும், நமக்கே தெரியாது. குடிச்சிருந்தா அந்தச் சுருங்கிற வேலை மந்தமாகும்.

பிறகு ஒண்டுக்குப் போறது. சிரிக்காதீங்க, நிண்டுகொண்டு சிறுநீர் கழிக்கக்குள்ள வாற மயக்கம் எண்டு டொக்டர்மார் தனியாவே ஒண்டு சொல்லுவாங்க. கூடுதலா ஆம்பிளையளுக்கு, கூடுதலா குடிச்ச பிறகோ ராவையில நித்திரையால எழும்பிப் போகக்குள்ளயோ வாறது. நிரம்பிக் கிடந்த சலப்பை சடாரெண்டு வெறுமையாக, நரம்பு வழியா இதயத்துக்கு மெதுவாப் போ எண்டு ஒரு சைகை போகும், பிறசர் இறங்கும். எங்கட மச்சான் நாலு பைப்பையும் ஒரே நேரத்தில திறந்துட்டான். பேய்க்கு அதில வேலை இல்ல.

இப்ப இந்தக் குளிர்ச்சிக் கதைக்கு வருவம். சாராயம் சூடு, பியர் குளிர்ச்சி, வெயிலுக்கு பியர்தான் சரி எண்டு எங்கட ஆக்கள் அடிச்சுச் சொல்லுவாங்க. 625 மில்லி ஐஸ் பியர் ஒண்டு உடம்புக்க போய் உடம்புச் சூட்டுக்கு வாறதுக்கு இழுக்கிற வெப்பம் ஏகதேசம் 20 கிலோ கலோரி. வேர்வை 35 மில்லி காஞ்சாலே அவ்வளவு வெப்பத்தையும் கொண்டு போயிடும், அதாவது மூண்டு மேசைக்கரண்டி கூட இல்ல. அதே போத்தல்ல 8.8 வீதம் மது எண்டா அந்த மது மட்டும் உடம்புக்க எரிஞ்சு குடுக்கிறது 300 கிலோ கலோரி. குளிர்ச்சி தொண்டைக்கு மட்டும்தான்.

அதைவிட முக்கியமானது அளவு. 625 மில்லியில 8.8 வீதம் எண்டா சுத்த மது 55 மில்லி. சாராயம் 33.5 வீதம் எண்டு வச்சு, 180 மில்லி கால் போத்தல்ல எவ்வளவு எண்டு பாத்தா 60 மில்லி. அஞ்சு மில்லிதான் வித்தியாசம். பெரிய ஸ்ட்ரோங் பியர் ஒண்டு எண்டுறது ஒரு கால் சாராயம்தான், மஞ்சள் கலர்ல நுரையோட வருது, அவ்வளவுதான். ஆனா ஆராவது கால் போத்தல் சாராயத்த, தாகம் எண்டு சொல்லி, வெறும் வயித்துல, பத்து நிமிசத்தில இழுப்பாங்களா? பியர இழுப்பாங்க. கேஸ் இருக்கிறதால அது வயித்தால இறங்கி ரத்தத்தில கலக்கிறதும் கெதியா நடக்கும். ஈரலுக்கு ஒரு மணித்தியாலத்தில 7 தொடக்கம் 10 கிராம் மதுதான் கழிக்க ஏலும், அந்தப் போத்தல்ல இருக்கிறது 43 கிராம். கலியாண வீட்டுல அரைப் போத்தல் எண்டா அது கூடத்தான், ஆனா அங்க பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்கி பதினொண்டு மட்டும் இழுபடும், இடையில இறைச்சி, சோறு, தண்ணி, கதிரை, தலைக்கு மேல ஃபேன். அதே ஆள், அதே ஈரல், ஆனா மற்ற எல்லாம் வேற.

தண்ணிக் கணக்கு ஒண்டும் இருக்கு. மூளைக்கு அடியில இருந்து வாற ஒரு ஹோர்மோன்தான் சிறுநீரகத்துக்கு தண்ணியப் பிடிச்சு வை எண்டு சொல்றது, மது அத அமத்தி விடும். குடிச்ச மது ஒரு கிராமுக்கு ஏகதேசம் 10 மில்லி சிறுநீர் கூடுதலாப் போகும் எண்டு பழைய கணக்கு, உடம்பு ஏற்கனவே காஞ்சு போயிருந்தா அவ்வளவு போகாது, எண்டாலும் அந்தக் கணக்கில பாத்தா 43 கிராமுக்கு 430 மில்லி. குடிச்சது 625. மிஞ்சினது ஒரு கிளாஸ் தண்ணி. வெயிலுக்க வேலை செய்ற ஆளுக்கு மணித்தியாலத்துக்கு ஒரு லீட்டர் வேர்வை போறது சாதாரணம், பந்து விளையாடினா, விறகு பொறுக்கினா, பைக் தள்ளினா அதேதான். ஒரு கிளாஸ வச்சு என்னத்த நிரப்பிற?

கச்சான் காலத்தில இது இன்னும் மோசம், அதுக்கும் காரணம் இருக்கு. மே மாசத்தில இருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து அடிக்குதெல்லா, அது மலைநாட்டுக்கு அங்கால மழையக் கொட்டிட்டு ஈரமில்லாம இங்கால மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இறங்கும். காஞ்ச காத்து மலையால இறங்கக்குள்ள ஒரு கிலோமீற்றருக்கு ஏகதேசம் 10 பாகை சூடேறும். அதுதான் எங்கட கச்சான். (கடலைக்கும் எங்கட ஊரில கச்சான் எண்டுதான் பேர், அண்டைக்கு கச்சான் காத்துக்க இருந்து கச்சான் கொட்டையத்தான் பைட்ஸா வச்சிருந்தம், அந்த உப்புக் கச்சான் தாகத்த இன்னும் கூட்டிச்சு எண்டது வேற கதை.) கச்சான் காத்துல வேர்வை வந்த உடன காஞ்சு போகும், சேர்ட் நனையாது, அதால வேர்க்கல்ல எண்டு நினைச்சுக்கொண்டு இருப்பம், உள்ளுக்க தண்ணி போய்க்கொண்டே இருக்கும். சித்திரை மாசம் அதுக்கு நேர்மாறு. ஏப்ரல் 5ல இருந்து 15 வரைக்கும் சூரியன் இலங்கைக்கு நேர மேல நிக்கும், காத்தில்ல, ஒரே புழுக்கம், வேர்வை ஊத்தும் ஆனா காயாது, காயாத வேர்வை உடம்பக் குளிராக்காது. புதுவருசமும் அந்த நாளுக்கதான் வருது, பார் பூட்டுவாங்க எண்டு முதலே வாங்கி வச்சிட்டுக் குடிக்கிறதும் அந்த நாளுக்கதான்.

ஆடி, ஆவணியில இன்னொரு கூட்டம் வரும். கோயில் திருவிழாவுக்கு லண்டன், சுவிஸ், கனடாவில இருந்து வாற மாமாமார். ஐம்பத்தஞ்சு அறுபது வயசு, பிறசர் இருக்கு, சுகர் இருக்கு, ஊருக்கு வந்து நாலு நாள் ஆகல்ல, பாசிக்குடாவில றூம் போட்டு மருமக்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய் இடுப்பளவு தண்ணியில நிண்டுகொண்டு கையில கேன். உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு கிழமையில இருந்து ரெண்டு கிழமை எடுக்கும், அந்த நாளுக்கதான் உடம்பு நல்லா வேர்க்கவும் வேர்வையில உப்ப மிச்சம் பிடிக்கவும் பழகுது. இங்க பிறந்து வளந்த உடம்புதானே எண்டு மாமா சொல்லுவார், இருபது வருசம் ஹீட்டருக்க இருந்த உடம்புக்கு அந்தப் பழக்கம் எப்பயோ போயிட்டு. பாசிக்குடாக் கடல் ஆழமில்ல, கனதூரம் நடந்து போகலாம் எண்டுறதாலதான் ஆக்கள் பயமில்லாம குடிச்சிட்டு இறங்குறது, ஆனா மயங்கி விழுறவனுக்கு முழங்கால் அளவு தண்ணியே காணும்.

குளுசையப் பத்தி, இது என்ர தொழில் எண்டபடியா, கொஞ்சம் விளக்கமாச் சொல்றன். அம்லோடிப்பின், பிராசோசின் மாதிரி பிறசர் குளுசையள் ரத்தக்குழாய விரிக்கத்தான் குடுக்கிறது, ஹைட்ரோகுளோரோதயசைட் தண்ணியப் போக்கிறது. வெயிலும் மதுவும் செய்ற அதே வேலையத்தான் இதுகளும் செய்யுது. அதுக்காக வெயிலுக்க போறன் எண்டு சொல்லி குளுசைய நிப்பாட்டக் கூடாது, நிப்பாட்ட வேண்டியது குடியத்தான். சுகருக்கு கிளிக்ளசைட் போடுற ஆக்கள், இன்சுலின் அடிக்கிற ஆக்களுக்கு கதை வேற. ஈரல்தான் பசி நேரத்தில சீனி செஞ்சு ரத்தத்துக்கு விடுறது, மது வந்தா அந்த வேலை மந்தமாயிடும். சாப்பிடாமக் குடிச்சா சீனி குறைஞ்சு வேர்க்கும், கை நடுங்கும், கதை குழறும், கோவம் வரும், பாக்கிறவனுக்கு அச்சொட்டா வெறி மாதிரித்தான் தெரியும். தடிமனுக்கு பிரிட்டோன் போட்டுட்டுக் குடிக்கிறது இன்னொண்டு, நித்திரைக்கு மேல நித்திரை.

சரக்கு பிழை எண்டு சொன்னவனையும் முழுசாத் தள்ளிவிட ஏலாது. கசிப்புல (கள்ளச் சாராயம்) மெதனோல் எண்ட நஞ்சு மது கலந்திருந்தா ஆளுக்கு கண் போகும், உயிரும் போகும். ஆனா மெதனோல் குடிச்ச உடன விழுத்தாது, உடம்புக்க போய் வேற நஞ்சா மாறின பிறகுதான் வேலையக் காட்டும், பெரும்பாலும் அரை நாள் ஒரு நாள் கழிச்சு, சாதாரண மதுவும் சேந்திருந்தா இன்னும் பிந்தி. கண் மங்குது, வெள்ளையாப் புகார் மாதிரித் தெரியுது, வயிறு வலிக்குது, மூச்சு வாங்குது எண்டு அடுத்த நாள் சொன்னா வெறி இறங்கல்ல எண்டு இருக்காம ஆசுபத்திரிக்கு ஓடணும். குடிச்சு முக்கால் மணித்தியாலத்தில மரத்தடியில சரியிறது அது இல்ல.

கடக்கரையில எண்டா சரக்க விட பைட்ஸத்தான் நான் சந்தேகப்படுவன். காலம பிடிச்ச சூரை மீன ஐஸ் இல்லாம மத்தியானம் வரைக்கும் வெயிலுக்க வச்சா அதுல ஹிஸ்டமின் எண்டு ஒண்டு சேரும், பொரிச்சாலும் அவிச்சாலும் போகாது. திண்டு கொஞ்ச நேரத்தில முகம் செக்கச் செவேரெண்டு, தலையிடி, நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் தடிப்பு. மயக்கத்துல முகம் வெளுக்கும், இதுல சிவக்கும், அத வச்சே பிரிச்சுப் பாக்கலாம். கும்பளா, சாளையிலயும் வரும்.

இனி அந்த "படுக்க விடு" கதை. மயக்கம் எண்டது உண்மையில உடம்பு தன்னைத்தானே காப்பாத்துற வழி. விழுந்தா மேல்மாடியும் கீழ்மாடியும் ஒரே மட்டத்துக்கு வந்திடும், மூளைக்கு ரத்தம் போயிடும். நிழலுக்க கொண்டு போய் மல்லாத்திப் படுக்க வச்சு காலக் கொஞ்சம் உயத்திப் பிடிச்சா ஒண்டு ரெண்டு நிமிசத்துல கண் திறந்து, என்ன நடந்த எண்டு ஒழுங்காக் கேப்பான். இதுல எல்லாரும் செய்ற பிழை, மானம் போகுது எண்டு கையப் பிடிச்சுத் தூக்கி நிப்பாட்டுறது, திரும்ப விழுவான், ரெண்டாந்தரம் விழக்குள்ளதான் தலை கல்லுல அடிபடுறது.

கண் திறக்கல்ல, இல்லாட்டித் திறந்தும் சம்பந்தமில்லாம உளர்றான், ஆரு என்ன எண்டு தெரியல்ல, உடம்பு அடுப்பு மாதிரிக் கொதிக்குது, வலிப்பு வருது எண்டா அது வெறியும் இல்ல மயக்கமும் இல்ல, வெப்பத் தாக்கமா இருக்கும். உள்ளுடம்புச் சூடு 40 பாகையத் தாண்டினா மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் அடிபடும். தோல் காஞ்சிருந்தாத்தான் வெப்பத் தாக்கம் எண்டு முந்திச் சொல்லுவாங்க, வேர்வையோடயும் வரும். உளர்றதும் தள்ளாடுறதும் வெறியிலயும் அப்பிடியே இருக்கிறதாலதான் ஆக்கள் பிழை விடுறது. மணக்குது எண்ட ஒரே காரணத்துக்காக வெறி எண்டு முடிவெடுத்து, மரத்தடியில படுக்க விட்டுட்டு மற்றாக்கள் குளிக்கப் போயிடுவாங்க, நிழல் ஒரு மணித்தியாலத்தில நகந்திடும், ஆள் வெயிலுக்க கிடப்பான். மது தாகத்தையும் சூட்டையும் உணர விடாது, அவனா எழும்பி நிழலுக்கு வர மாட்டான்.

அப்பிடியெண்டா 1990க்கு அடிங்க, அம்புலன்ஸ் காசில்லாம வரும். ஆனா உன்னிச்சைக்கோ வாகரைக்கோ வந்து சேர நேரம் எடுக்கும், அதுவரைக்கும் சும்மா நிக்கக் கூடாது, குளிராக்கிறதுதான் முதல் வைத்தியம். சேர்ட்டக் கழட்டி, வாளி வாளியா தண்ணிய ஊத்தி, நனைச்ச சாரத்தப் போத்தி விசிறணும், ஐஸ் பெட்டியில மிச்சம் ஐஸ் இருந்தா கழுத்துலயும் கம்புக்கூட்டுலயும் வைங்க, பியர விட அதுக்குத்தான் அது உதவும். நினைவில்லாதவன குளத்துக்க இறக்கக் கூடாது, மூழ்கிடுவான், உன்னிச்சையில முதலை வேற. சத்தி எடுத்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், மல்லாந்து கிடந்து சத்தி எடுத்தா அது மூச்சுக்குழாய்க்க போயிடும். எவ்வளவு தட்டியும் எழும்புறானில்ல, மூச்சு பத்து செக்கனுக்கு ஒருக்காத்தான் வருது எண்டா அது மதுவே தலைக்கேறி நஞ்சான நிலை, அதுக்கும் 1990தான்.

உப்புத்தண்ணி பருக்கிச் சத்தி எடுக்க வைக்கிறது, கடுங்கோப்பி பருக்கிறது ரெண்டும் வேணாம். தலையில தேசிக்காய் தேய்க்கிறதால நட்டமும் இல்ல லாபமும் இல்ல. சூட்டுக்கு பனடோல் கேட்டு வருவாங்க, காய்ச்சல் சூட்டுக்குத்தான் அது வேலை செய்யும், வெயில் சூட்டுக்கு இல்ல. ஆள் நல்லாத் தெளிஞ்சு தானா இருந்து குடிக்கிற நிலைக்கு வந்தா ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்பு, சீனித் தூள்) குடுக்கலாம், ஒரு லீட்டர் தண்ணிக்கு ஒரு முழுப் பக்கெட், பாதிய கிளாசில கொட்டிக் கலக்கிற வேலை வேணாம். இளநி நல்லம்தான், ஆனா அதுல பொட்டாசியம்தான் கூட, வேர்வையில போன உப்பு குறைவு, கூட நாலு கச்சான் கொட்டையோ உப்புப் போட்ட கஞ்சியோ சேத்தா சரி. சுகர்காரனுக்கு நடுக்கமும் குழறலும் எண்டா, முழுங்க ஏலுமெண்டா, சீனித்தண்ணி உடனயே.

எங்கட மச்சான் முதல் சாதிதான், வெறும் மயக்கம். காலத் தூக்கிப் பிடிச்சு, நனைச்ச துவாயால விசிறி, அரை மணித்தியாலம் படுக்க வச்சம், நான் பக்கத்துலயே குந்தியிருந்து பேரக் கேக்கிறதும் ஊரக் கேக்கிறதுமா இருந்தன், நாலாந்தரம் கேக்கக்குள்ள தூசணத்துல பதில் சொன்னான், அப்பதான் எனக்கு நெஞ்சு ஆறிச்சு. பிறகு ஜீவனியக் கரைச்சுக் குடுத்து, கட்டிக்கொண்டு போன சோத்தத் திண்ண வச்சு, வெயில் இறங்கினாப் பொறகு நடுவுல இருத்தி பைக்குல கொண்டு வந்தம்.

போன கிழமை கோல் எடுத்தான், திரும்பப் போவமாம் உன்னிச்சைக்கு. இந்த முறை பின்னேரம் நாலு மணிக்குத்தான் வெளிக்கிடுறது, முதல்ல சாப்பாடு, தண்ணிக் கேன் ரெண்டு எண்டு அவனே பட்டியல் சொல்றான். எனக்குச் சந்தோசம், சொன்னதெல்லாம் மண்டையில ஏறியிருக்கு எண்டு நினைச்சுக்கொண்டு ஃபோன வைக்கப் போனன். "எண்டாலும் மச்சான்," எண்டான், "அண்டைக்கு வாங்கின அந்தச் சரக்குல என்னவோ இருந்த."